இரண்டாம் பூச்சு

இந்த நாட்டில் வாசல் தகட்டில் ஒரு பெயரை வெட்ட இரண்டு நிமிடம். வெட்டிய இடத்தை மூட அரைநாள். கறுப்புப் பூச்சுள்ள அலுமினியத் தகடு. இயந்திரம் பூச்சைக் கிழித்துத்தான் எழுத்தை வெட்டும். பிறகு கழுவி, காயவிட்டு, விரல் படாமல் நிறமில்லாத வார்னிஷ் பூச வேண்டும். நான் இரண்டு முறை பூசுவேன். ஜெர்மன்கார முதலாளி ஒன்று போதும் என்பார். "ஃபெர்டிக்!" முடிந்தது என்று அர்த்தம். நான் மறுபடி தூரிகையை எடுப்பேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொல்வார்.

ஊரில் சண்டை நடந்த நேரம் கிளிநொச்சியை விட்டு எழும்பி, முல்லைத்தீவுப் பக்கம் கொட்டில் போட்டிருந்தோம். நிவாரணத்தில் வந்த தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் ஒரே மாதிரி. அலுமினியம், மேலே பச்சைப் பெயின்ற். ஆளுக்கு ஆள் மாறிப்போகாமல் இருக்கச் சைக்கிள் கம்பியைக் கூராக்கிப் பெயர் வெட்டிக் கொடுத்தேன். அக்காவின் புருசன் தவராசா அத்தானுக்கும் வெட்டினேன். பக்கத்துக் கொட்டில் மலரக்காவின் புருசன் துரைராசாவுக்கும் வெட்டினேன்.

"உப்புத் தண்ணிக்கை இறங்கிற ஆக்கள். மேலை ஏதும் பூசிவிடடா," என்றா அக்கா.

பெயின்றுக்கு எங்கே போவது? மலரக்கா நகப்பூச்சுக் குப்பியை நீட்டினா. "இந்தா தம்பி, கலியாணத்துக்கு வாங்கினது."

"சிவப்போ? இறாலெல்லாம் சிரிக்கும் பிள்ளை," என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தோம். நான் பூசவில்லை.

அத்தானும் துரைராசாவும் ஒன்றாகக் கடலோரக் களப்புக்கு இறால் பிடிக்கப் போன அன்று ஷெல் விழுந்தது. இருவரும் வரவில்லை. ஏழு மாதம் கழித்துச் சேற்றுக்குள் ஒரு போத்தல் கிடைத்தது. வெட்டின எழுத்தின் விளிம்பால் உப்பு உள்ளே போயிருந்தது. பெயின்ற் உரிந்து வெள்ளைத் தூள் பூத்திருந்தது. 'ராசா' மட்டும் மிச்சம்.

முதலில் அக்காவும் மலரக்காவும் அதைத் தொடவில்லை. "உங்கடைதான்," என்றா அக்கா. "இல்லை, உங்கடை," என்றா மலரக்கா.

"வெட்டினவன் நீதானே. ஆரின்ரை போத்தல் எண்டு சொல்லு," என்றா அக்கா.

ஒரே கை, ஒரே கம்பி. "தெரியேல்லை அக்கா," என்றேன்.

அதன் பிறகு வேறொன்றும் வரவில்லை. அப்போதுதான் இருவருக்கும் அந்தப் போத்தல் வேண்டியிருந்தது. ஒரு மாதம் இந்த வீட்டில், ஒரு மாதம் அந்த வீட்டில். இருவரும் இன்னும் பொட்டு வைக்கிறார்கள்.

நேற்று அக்காவின் கடிதம் வந்தது. "இந்த மாதம் அது மலரின்ரை வீட்டிலை. நீ எப்ப வந்தாலும் ஒருக்கால் அந்த எழுத்தை வடிவாய், கிட்ட வைச்சுப் பார்."

முதலாளி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். யாரென்று எனக்குத் தெரியாத ஒரு ஜெர்மன்காரரின் பெயருக்கு முன்னால், இரண்டாம் பூச்சு காயும்வரை நிற்கிறேன்.