ஷொட்

யாழ்ப்பாணத்து உடுவிலில் நான் வந்த வாடகைக் கார் நின்றுவிடுகிறது. பின் சீட்டில், வழியில் ஏற்றிக்கொண்ட பெண் பிரசவ வலியில் துடிக்கிறாள். பக்கத்தில் அவள் தாய். போரால் பெற்றோல் தட்டுப்பாடு, கார் ஓடுவது மண்ணெண்ணெயில். சாரதி அண்ணை, கிளப்புவதற்கென்று மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைச் சில துளிகள் விட்டதும் எஞ்சின் உறுமுகிறது.

"ஷொட்!" என்று கத்துகிறேன். கொழும்பில் எங்களுக்கு அது பிரமாதம், சரி, நன்றி, ஒரு மிடறு சாராயம் எல்லாம்தான்.

"ஐயோ, எங்கை வெடி?" தாய் மகள்மேல் கவிழ்கிறாள்.

"அவர் காரைப் புகழ்ந்தவர். எழும்பணை அம்மா, மூச்சு முட்டுது!" வலிக்கிடையிலும் மகள் சிரிக்கிறாள்.

"தம்பி, இஞ்சை உந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான்," என்றபடி அண்ணை காரை விரட்டுகிறார்.

மானிப்பாய் ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம்தான் காத்திருக்கிறோம். தாய் ஓடிவந்து என் கைகளைப் பற்றுகிறாள்.

"பொம்பிளைப்பிள்ளை, தம்பி! ரெண்டு பேரும் சுகம்."

"ஷொ..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டு, "பெரிய சந்தோஷம், அம்மா!" என்கிறேன்.