குதிரை ஊசி

இராயபுரம் பாஸ்கல் துறைமுகத்தில் கரி இறக்குபவன். எதற்கும் அஞ்சாதவன், துருப்பிடித்த இரும்பைக் கண்டால் மட்டும் அவனுக்குக் குலை நடுங்கும். அண்ணன் வால்டர் காலில் ஆணி ஏறி, வாய் பூட்டிக்கொண்டு, உடம்பு வில்லாய் வளைந்து செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தான்.

அதனால் 1950ஆம் வருஷம் துருப்பிடித்த தகரம் கெண்டைக்காலைக் கிழித்ததும் தானே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். காயத்தில் புகும் கிருமியின் நஞ்சை முறிக்கிற மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. துறைமுகத்து ஆட்களுக்கு அது குதிரை ஊசி. அதைப் போட்டுக்கொண்ட பாஸ்கலுக்கு வாய் பூட்டவில்லை. ஆனால் சில நாள் கழித்து உடம்பெல்லாம் தடித்து, மூட்டுகள் வீங்கின. இந்த ஊசி உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி போட நேர்ந்தால் கட்டாயம் சொல் என்றார் கம்பவுண்டர் மஜீது. சொன்னால் ஊசி போடமாட்டார்கள் என்றுதான் பாஸ்கல் புரிந்துகொண்டான். வீட்டுக்கு வந்து மனைவி அடைக்கலமேரியிடமும் அப்படியே சொன்னான்.

மூன்று வருஷம் கழித்து, மூட்டை தூக்கும் கொக்கி உள்ளங்கையில் பாய்ந்தது. அடைக்கலமேரியும் கூடப் போனாள். வேறொரு ஆஸ்பத்திரி. இந்த ஊசி முன்பு போட்டதுண்டா என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டரு. ஒரு தபாகூட போட்டுக்கினது இல்ல."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் வாய் திறக்கவில்லை.

ஊசி போட்ட சற்று நேரத்தில், "மூச்சு அடைக்குது மேரி" என்றான். முகம் ஊதிப்போனது. முதல் ஊசியிலேயே அவன் உடம்பு குதிரைச் சத்தைப் பகையென்று குறித்து வைத்துக்கொண்டிருந்தது. அது மறுபடி உள்ளே வந்ததும், காக்கவேண்டிய உடம்பே கொதித்தெழுந்து அவன் மூச்சுக்குழலை அடைத்துவிட்டது. டாக்டர் மாற்று மருந்து கொடுத்தும் பலிக்கவில்லை; பாஸ்கல் செத்துப்போனான். முன்பே தெரிந்திருந்தால் துளித்துளியாகப் போட்டுப் பார்த்திருப்பேனே, நிஜமாகவே போட்டதில்லையா என்று அவளிடம் கேட்டார். தெரியாது என்றாள்.

ஊசி போட்டே பாஸ்கலைக் கொன்றுவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. அவள் மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் காலில் மீன் டப்பாத் தகரம் கிழித்தது. பாஸ்கலுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்று மஞ்சளை அரைத்துக் கட்டினார் அவள் புருஷன் லூர்து. போய் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று அடைக்கலமேரி தினமும் நினைத்தாள். தினமும் கூச்சம் தடுத்தது. கடைசியில் போனபோது சிலுவையம்மாளுக்குக் கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் லூர்துவிடம் சொன்னாள். ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை எந்த ஊசியாலும் இறக்க முடியாது என்றார் டாக்டர்.

சிலுவையம்மாளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய லூர்து அடைக்கலமேரியின் வாசலில் நின்றார்.

"அன்னிக்கே நீ சொல்லியிருந்தா இவ உசுரோட இருந்திருப்பா."

"ஆமாண்ணா."

அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு வெட்டுக்காயம் பட்டாலும் அவள் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவாள். முன்பு போட்ட ஊசியை டாக்டரிடம் சொல்லச் சொல்லி நச்சரிப்பாள். சிலர் கேட்டார்கள். சிலர் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். லூர்து கடைசிவரை அவளோடு பேசவில்லை.