கவிழ்த்துப் பார்ப்பவர்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மின்பொருள் கடையில் அவர் விற்பனையாளர். அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். மடிக்கணினி கேட்டு யார் வந்தாலும் திரையைத் திறக்கமாட்டார். முதலில் அதைக் குப்புறப் போட்டு அடிப்பக்கத்தைக் காட்டுவார்.

நான் மலிவு விலை வரிசை ஒன்றின் புதிய மாடலைக் கேட்டேன். அதைக் கவிழ்த்து வைத்தார். பழுதுபார்க்க வந்திருந்த அதே வரிசையின் பழைய மாடல்களையும் எடுத்துவந்து பக்கத்தில் கவிழ்த்தார்.

“தம்பி, மூஞ்சியப் பாக்காதீங்க லா. அது வருஷா வருஷம் அழகாத்தான் வரும். இங்க பாருங்க. ஆரம்பத்துல பேட்டரிய நாமளே கழட்டலாம். அப்புறம் உள்ள வெச்சு மூடிட்டாங்க. மெமரி மாத்த இந்தச் சின்ன மூடி இருந்துச்சு. இப்ப புதுசுல அதுவும் இல்ல, மெமரிய போர்டோட ஒட்டிட்டாங்க. பின்னாடி கூட்டவே முடியாது.”

“அப்ப எத வாங்கட்டும்க்கா?”

“போன வருஷத்து மாடல். மூடி இருக்கு, விலையும் கம்மி.” குரலைத் தாழ்த்தினார். “பாஸ் பாத்துட்டு இருக்காரு. புதுசு சூப்பர்னு சத்தமா சொல்லிட்டு, இத வாங்கிக்குங்க.”

அப்படியே சொன்னேன். முதலாளி மகிழ்ந்து தலையசைத்தார்.

சில வருடங்கள் கழித்து, மெமரி கூட்டுவதற்காக அதே மடிக்கணினியுடன் போனேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதைக் கவிழ்த்தார். சின்ன மூடியை விரலால் தடவினார். முகம் மலர்ந்தது.

“அட, நீயா! நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேன்க்கா” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.