வானத்தைப் பார்க்க ஒரு புராஜெக்ட்

அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணத்தில் வானத்தைப் படிக்கிறவர்களுக்கு, வானத்தைப் பார்க்கிற நேரத்தைவிட மெயிலைப் பார்க்கிற நேரம்தான் அதிகம்.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மேகங்களையெல்லாம் தாண்டி மேலே, வெயில் பட்டுக் காற்றே மின்னூட்டம் பெற்றிருக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. அயனி மண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். செயற்கைக்கோளிலிருந்து புறப்படும் சிக்னல் அதைக் கடந்துதான் நம் கைக்கு வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால், எங்கள் வயல்களுக்கு மேலே அந்த அடுக்கு சில நாட்களில் சூரியன் மறைந்ததும் கலங்கிப்போகும். சிக்னல் தடுமாறும். அதை அளந்து பார்க்கத்தான் புராஜெக்ட் எழுதினேன்.

எழுதி அனுப்பிவிட்டு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரியை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த சக பேராசிரியர்களே, உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் படியுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

டெல்லியில் கேட்ட கேள்வி

முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை நேரில் வந்து விளக்கச் சொன்னார்கள். தஞ்சாவூரில் ரயில் ஏறி, சென்னையில் மாறி, டெல்லியில் ஒரு நீளமான மேஜையின் கடைசியில் போய் நின்றேன். பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும்போது ஒரு கிராமத்துக் கல்லூரியில் எதற்கு இந்தக் கருவி என்று கேட்டார்கள். அந்த நிலையங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, எங்கள் ஊர் அந்த இடைவெளியில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன்.

அதுவரை பேசாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த வயதான உறுப்பினர் ஒருவர், கரண்ட் நிலைமை எப்படி என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். மழைக்காலத்தில் போகும், அதற்காகத்தான் பேட்டரி கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் தமிழர் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. மேஜையில் இருந்த மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் தமிழிலேயே சொன்னார்: “உங்க அறிவியல்ல எனக்குச் சந்தேகம் இல்லைங்க. பேட்டரியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளைத் தேடிட்டீங்களா?”

கவர்மெண்ட் பணம்

பணம் அனுமதியானதும் ஓர் ஆராய்ச்சி உதவியாளருக்கு விளம்பரம் கொடுத்தோம். மூன்று வருட வேலை, உதவித்தொகை உண்டு, நிரந்தரம் கிடையாது. வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நன்னிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கௌசல்யா மட்டும் வேறு ஒன்று கேட்டாள். கருவியிலிருந்து வருவதை அவளே பார்த்து ஆராயலாமா, இல்லை நான் சொல்கிற எண்களை அட்டவணையில் நிரப்புவதுதான் வேலையா என்று. அந்த இடத்திலேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று சொன்னால் தேர்வுக்குழுவில் இருந்த மற்ற இருவரும் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் உண்மை அதுதான்.

கூட வந்திருந்த அவள் அப்பா கலியபெருமாள் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவர். இது அரசாங்க வேலையா என்று என்னிடம் கேட்டார். பணம் அரசாங்கத்துடையது, வேலை அரசாங்க வேலை இல்லை என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். “அப்ப வெள்ள நிவாரணம் மாதிரின்னு சொல்லுங்கம்மா” என்றார்.

விலை குறைந்த ஜிபிஎஸ்

கருவி வாங்க மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்க வேண்டும், குறைவாகச் சொன்னவரிடம் வாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு கம்பெனிகள் நான் கேட்ட கருவிக்கு விலை சொல்லியிருந்தன. மூன்றாவது கம்பெனி காரில் வழி காட்டுகிற சாதனத்துக்கு விலை அனுப்பியிருந்தது. இயல்பாகவே அதுதான் எல்லாவற்றிலும் குறைவு.

கொள்முதல் குழுவில் இருந்த வணிகவியல் பேராசிரியர் நல்ல மனிதர். தணிக்கையில் யாராவது கேள்வி கேட்டால் தன் தலைதான் உருளும் என்று உண்மையிலேயே பயந்தார். காரில் மாட்டுவது சிக்னலைப் பயன்படுத்திக்கொள்ளும், நாம் வாங்கப்போவது அந்த சிக்னல் எப்படி நடுங்குகிறது என்று ஒவ்வொரு நொடியும் அளக்கும் என்று முடிந்தமட்டும் சொன்னேன். கடைசியில் அவரே உட்கார்ந்து, அந்தக் கம்பெனியை ஏன் நிராகரிக்கிறோம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது மட்டும் தாங்க முடியாமல் கேட்டார்: “மேடம், அதுவும் சாட்டிலைட்டைத்தானே பார்க்குது?”

பங்குனியில் ஒரு சாயங்காலம்

மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தோம். கீழே ஒரு சின்ன அறையில் கருவியும் பேட்டரியும். முதல் சில வாரங்கள் திரையில், செயற்கைக்கோளுக்கு ஒன்றாக, கோடுகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. சம்பா அறுவடை முடிந்து, சுற்றியிருந்த வயல்களில் உளுந்து பச்சையாக நின்ற பங்குனி மாதம். ஒருநாள் பொழுது சாய்ந்து, நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் கௌசல்யா வந்து கூப்பிட்டாள். திரையில் ஒரு கோடு கிறுக்கியதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. கேபிள் தளர்ந்திருக்கும், போய்ப் பார் என்றேன். ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இன்னொரு கோடு ஆட ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. புத்தகத்திலும் கட்டுரைகளிலும் இத்தனை வருடம் படித்தது என் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். தெளிவான வானம், நாலைந்து நட்சத்திரம். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி உள்ளே வந்தபோது கௌசல்யா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “முதல்ல மேற்கால இருக்கிற சாட்டிலைட், அப்புறம் உச்சியில இருக்கிறது, இப்ப கிழக்கால. கேபிள் கெட்டா எல்லாம் ஒண்ணாப் போகும் மேடம், இது மெதுவா நடந்து போகுது.”

திரும்பிப் போன பணம்

அந்த மார்ச்சோடு முதல் வருடம் முடிந்தது. செலவழித்ததற்குச் சான்று அனுப்பினால்தான் அடுத்த தவணை. சான்றில் தணிக்கையாளர் கையெழுத்து வேண்டும், அவர் கையெழுத்துக்கு முன்னால் கல்லூரிக் கையெழுத்து வேண்டும். எல்லாக் கையெழுத்தும் சேர்வதற்குள் நிதியாண்டு முடிந்துவிட்டது. செலவாகாமல் கணக்கில் கிடந்தது தானாகவே டெல்லிக்குத் திரும்பிப் போனது. கௌசல்யாவின் உதவித்தொகை அதில்தான் இருந்தது. இதை அனுபவித்தவர்கள் யாரும் என்னிடம் ‘ஏன் முன்கூட்டியே செய்யவில்லை’ என்று கேட்க மாட்டீர்கள். செய்தேன்.

சித்திரை போனது, ஆடி போனது. அவள் தினமும் நன்னிலத்திலிருந்து பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். கேபிள் முனையில் ஈரம் கோத்தால் துடைத்து டேப் சுற்றுவாள். கரண்ட் போனால் பேட்டரியைப் பார்ப்பாள். அன்றைய பதிவை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். புரட்டாசியில் சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு நடந்து பூமியின் காந்தப்புலமே ஆட்டம் கண்டபோது, அவளும் நானும் சேர்ந்து திரையைப் பார்த்தோம்.

அதற்கடுத்த வாரம் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் செலவுக்காவது ஆகட்டும் என்று என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் ஒரு கவரில் போட்டு அவள் மேஜையில் வைத்தேன். கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். கோபமெல்லாம் இல்லை. “இதை வாங்கிட்டா நான் உங்ககிட்ட வேலை பார்க்கிற பொண்ணு ஆயிடுவேன் மேடம். இப்ப நான் புராஜெக்ட்ல இருக்கேன்” என்றாள்.

பஸ் ஸ்டாண்டில்

கார்த்திகையில் விடாத மழை. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் கலியபெருமாளைப் பார்த்தேன். வேட்டியில் சேறு காய்ந்திருந்தது. பயிர்ச்சேத நிவாரணத்துக்காக அலைந்துவிட்டு, அங்கே ஒருவரைப் பார்க்க வந்திருந்தார். பயிர் போட்டது அவர், போனதும் அவருடையது. ஆனால் எந்த நிலத்தில் யார் பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கில் நிலத்துக்காரர் பெயர்தான் இருக்கிறது. நிலத்துக்காரர் இருப்பது சென்னையில். அவர் வந்து எழுதிக்கொடுத்தால் பார்க்கலாம் என்று தாலுகா ஆபீஸில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

மகளின் உதவித்தொகையைப் பற்றி அவர் கேட்டுவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளுக்குள் பதைப்பு. அவர் கேட்கவில்லை. பஸ் வரும்வரை மழையைப் பற்றியே பேசினார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்கு அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, எனக்காக வருத்தப்படுகிறவர்போல விசாரித்தார்: “உங்களுக்காவது வந்துச்சாம்மா?”

பிரசவ விடுப்பு

தை மாதம் கௌசல்யா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நன்னிலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறார், அந்த இடத்துக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த வருடம் விளைச்சல் என்று ஒன்றும் இல்லை. அவள் காரணம் எதையும் அடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அனுபவச் சான்றிதழ் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். கருவி அறையின் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, வாசல்வரை போனவள் நின்றாள். “பேட்டரியில ஒண்ணு சீக்கிரம் இறங்குது மேடம். மாசிக்குள்ள மாத்திடுங்க, பங்குனியில மறுபடி கலங்கும்” என்றாள்.

மாசியில் இரண்டாம் தவணை வந்தது.

இல்லாத மாதங்கள்

அடுத்த ஆனியில், ஜப்பானிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் மெயில் அனுப்பினார். புரட்டாசியில் நடந்த அந்தச் சூரிய வெடிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார். எங்கள் பகுதியில் அந்த நாட்களில் மற்ற கருவிகள் பழுதிலோ பராமரிப்பிலோ இருந்திருக்கின்றன. விடுபடாமல் பதிவு வைத்திருப்பது எங்கள் கல்லூரி மட்டும்தான் என்று எங்கள் பழைய அறிக்கை ஒன்றைப் பார்த்துக் கணித்திருக்கிறார். தர முடியுமா, சேர்ந்து எழுதலாமா என்று கேட்டிருந்தார். நான் அந்த மெயிலை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வெளியே கொடுக்கும் முன் நிதி தரும் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். போன் செய்தேன். அதோடு, அந்த மாதங்களுக்கான கௌசல்யாவின் உதவித்தொகையையும் இன்னொரு தடவை கேட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். முதல் தவணை எந்தத் தேதியோடு முடிந்தது, இரண்டாவது எந்தத் தேதியில் தொடங்கியது என்று கம்ப்யூட்டரில் பார்த்தார். இடையில் இருந்த மாதங்களுக்கு அனுமதியே இல்லை, ஆகவே உதவித்தொகையும் இல்லை. அனுமதியில் வராத பதிவுக்குத் தங்கள் அனுமதி தேவையா என்பதில் அவருக்கே குழப்பம் வந்துவிட்டது. “அந்த மாசங்கள்ல புராஜெக்டே இல்லையே மேடம், அப்புறம் எப்படி டேட்டா வந்துச்சு?” என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில்

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஆடியில் ஒரு சனிக்கிழமை நன்னிலத்துக்குப் போனேன். பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு முடித்துவிட்டு, கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு கௌசல்யா வந்தாள். விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வந்த பிறகும் பள்ளியில் இவளை வைத்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் ஜப்பான் மெயிலைக் காட்டினேன். மெதுவாகப் படித்தாள். பிறகு உதவித்தொகை வராது என்பதையும், அலுவலகத்தில் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். மைதானத்தில் பிள்ளைகள் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய அந்தக் கட்டுரை போதுமா என்று கேட்டாள். போதும், கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதுதான், ஜப்பான்காரரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றேன். அந்த ஆவணியிலேயே பதிவுசெய்தாள், கலியபெருமாள்தான் கூட வந்தார். ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்கு அந்த பெஞ்சில், கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்: “கவர்மெண்ட் கணக்குல அந்த மாசங்கள் இல்லைன்னா, அதெல்லாம் என்னோடது மேடம்.”

இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: மேல்வானம் எந்த மாதத்தில் கலங்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம், அடுத்த தவணை எந்த மாதத்தில் வரும் என்பதைச் சொல்லும் அளவுக்கு அறிவியல் இன்னும் வளரவில்லை.