கிச்சாப் நிறம்

மற்றவர்கள் வீட்டுக் கழிவறைக் கதவில் ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கத்தில் மலத்தின் ஏழு வடிவங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. முதல் படம் ஆட்டுப் புழுக்கை, நான்காவது வாழைப்பழம், ஏழாவது வெறும் தண்ணீர். ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா உள்ளே போய் வெகு நேரம் கழித்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அன்று முழுவதும் அம்மா அத்தையோடு பேசவில்லை.

படங்களை ஒட்டியவர் அத்தை, அப்பாவின் தங்கை. கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் வயிற்றுக்கும் குடலுக்குமான மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே தங்கியிருந்தார். வயிற்று வலி என்று யார் வந்தாலும், "நான் டாக்டர் இல்லக்கா. மருந்து உள்ள போயி என்னா செய்யுதுன்னு பாக்குறவ" என்பார். வந்தவர் தலையாட்டிவிட்டு, "அது சரி, இப்ப என்னா மாத்திர போடட்டும்?" என்று கேட்பார்.

அந்த வருடம் ஒரு புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இருந்தார்கள். அவர்கள் பதினான்கு நாளும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும்: என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வலித்தது, எத்தனை முறை போனீர்கள், எந்த வடிவம், என்ன நிறம். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது கடைசியில் அந்தக் கட்டங்களில்தான் தெரியும். தமிழ்ப் படிவத்தை எழுதியவர் அத்தை. நோயாளிகளிடம் போகுமுன் அது சாதாரண மனிதர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சாதாரண மனிதர்களாக நாங்கள் வாய்த்தோம்.

"மலத்தின் திண்மைன்னு போட்டிருக்கே. இத எழுதுனவங்க கக்கூஸ் பக்கமே போனதில்ல போல" என்றார் அம்மா.

"நாந்தான் எழுதுனேன் அண்ணி."

"அதத்தான் சொல்றேன்."

அம்மா பதினான்கு நாளையும் ஒரே உட்காரலில் நிரப்பினார். எல்லாக் கட்டத்திலும் 'நலம்'. அப்பா அவ்வளவு சிரமம்கூடப் படவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு 'ஓகே' என்று எழுதிக் கொடுத்தார். அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது. கட்டங்கள் காலியாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. "அத்தே, எல்லாருக்கும் நானே எழுதுறேன்" என்றேன். அத்தை புதுத் தாள்களைக் கொடுத்து, "பாத்தத எழுது குட்டி. பாக்காதத எழுதாத" என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

சாப்பாட்டு மேசையிலேயே விசாரணை நடத்தினேன். அம்மா கரண்டியை ஓங்குவார், ஆனாலும் பதில் சொல்லிவிடுவார். அப்பாவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் எங்கள் மாடிக்குத் தண்ணீர் சரியாக ஏறாது, தொட்டிச் சங்கிலியை இழுத்தால் இருமும், அவ்வளவுதான். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், ஐந்தரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும், வாளியில் பிடித்து ஊற்றப் பொறுமை இருக்காது. அவருக்கு அடுத்து உள்ளே போகிறவள் நான்.

எட்டாவது நாள் காலையில் வெளியே வந்து, "அப்பா, இன்னைக்குக் கறுப்பு" என்றேன்.

"எது?"

"உங்களோடது. மீ கோரேங் நூடுல்ஸ்ல ஊத்துவாங்கல்ல, கெட்டியா கறுப்பு சோயாக் கிச்சாப், அந்தக் கலரு. நாத்தம் வேற."

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "கோப்பி குடிச்சா அப்படித்தான் லா."

"எழுதிக்கவா?"

அப்பா என் உயரத்துக்குக் குனிந்தார். கிளட்ச் மிதித்தே வீங்கிப்போன முழங்காலை மடக்க முடியாமல் முகம் சுளித்தார். அந்தக் காலுக்காக, யாரோ நண்பர் கொடுத்த வலி மாத்திரையைக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தார். "என் பேப்பர்ல அத எழுதாத பாப்பா. ஒங்க அத்த பாத்தா என்னய ஆஸ்பத்திரில தூக்கிப் போட்ருவா. அப்புறம் பஸ் புள்ளைங்கள யாரு ஏத்துறது? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதன் பிறகுதான் சிக்கலே. அந்த வருடம் நான் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். பத்துக் கட்டளையும் தலைகீழாகத் தெரியும். அப்பா சொன்னதை மீறினால் பாவம். பார்த்ததை மறைத்தால் பாவம். இரண்டையும் ஒரே காலையில் செய்யாமல் தப்பிப்பது எப்படி என்று மறைக்கல்வி வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளி விட்டு வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டேன். அவருடைய தாளில்தானே எழுதக்கூடாது? என் தாளில், என் வாழைப்பழத்துக்குக் கீழே, 'கிச்சாப் நிறம்' என்று எழுதினேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று நான்கு நாள் அப்படியே போனது. அந்த நாட்களில் அப்பா மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. இட்லி சாப்பிட்டுக்கொண்டே அத்தை தாள்களைப் புரட்டினார். என் தாளில் விரலை வைத்தார்.

"குட்டி, இது ஒன்னோடதா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றேன்.

"வயிறு வலிக்குதா?"

"இல்ல." எனக்கு முன்னால் ஐந்தாவது இட்லி இருந்தது.

அத்தை என்னைப் பார்த்தார். அப்பாவை வெகு நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அம்மாவோடு அறைக்குள் போய், ஒரு துணிப்பையோடு வந்தார். "ண்ணே, பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். கறுப்பாப் போகுதுன்னா உள்ள எங்கியோ ரத்தம் கசியுது. நீயும் வா."

அப்பாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அவளுக்கா? அவளுக்கு ஒண்ணும் இருக்காது லா..."

"அத டாக்டர் சொல்லட்டும். கார நான் ஓட்டுறேன். நீ பின்னால ஒக்காரு."

அப்பா தன் கார்ச் சாவியை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்று கொடுத்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், அவர் கைதான் சில்லென்றிருந்தது. சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் முகப்பில் இருந்தவரிடம் அத்தை தாழ்ந்த குரலில் என்னவோ பேசினார். குளிர்சாதனம் எலும்புவரை குத்தியது. அத்தை பையிலிருந்து அப்பாவின் கைலியை எடுத்து என்மேல் போர்த்தினார். எங்களைக் கூப்பிட்டார்கள். மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண், முகம் நிறைய சிரிப்பு. தாதி என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசியைக் கண்டதும் எனக்கு அழுகை முட்டியது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"நாந்தி, நாந்தி டாக்டர்!" பொறுங்கள் என்று அப்பா மலாயில் கத்திய சத்தத்தில் பக்கத்துத் திரைகள் எல்லாம் விலகின. "புக்கான் டியா. சாயா புஞ்ஞா!" அவளுடையது இல்லை, என்னுடையது என்று நெஞ்சைத் தட்டித் தட்டிச் சொன்னார். தாதி சிரித்துவிட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பட்டை அப்பாவின் கைக்கு மாறியது. அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டில் வந்தது.

இரைப்பையில் புண் இருந்தது. வலி மாத்திரை அரித்த புண். வாய்வழியாகக் குழாய் விட்டு ரத்தக் கசிவை அடைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். அது யாருடைய ரத்தம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மலாய்க்காரரோ, சீனரோ, பாகான் டாலாமில் இருக்கும் யாரோ ஒரு தமிழரோ. பெயர் தெரியாத அந்த மனிதருக்காக அம்மா ஒவ்வொரு வருடமும் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். அந்த இளம் மருத்துவருக்கும் சேர்த்துத்தான்.

புதுநன்மைக்கு அப்பா வந்துவிட்டார், தொளதொளத்த வெள்ளைச் சட்டையில். அதற்கு முந்தின நாள், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் என் முதல் பாவசங்கீர்த்தனம். "ஃபாதர், அப்பாவோடத என்னோடதுன்னு எழுதிட்டேன்" என்றேன். எதை என்று கேட்டார். சொன்னேன். மறுபக்கத்தில் நெடுநேரம் இருமல் மட்டும் கேட்டது. தண்டனையாக ஓர் அருள் நிறை மரியே ஜெபம் கிடைத்தது. இவ்வளவு மலிவாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது நான் கெலுகோரில், அதே துறையில், முதுகலை மாணவி. நோயாளிகள் நிரப்பிய தாள்களை நாள் முழுக்கப் படிப்பதுதான் வேலை. 'திண்மை' போய் 'கெட்டியா, இளக்கமா?' வந்துவிட்டது, அது அம்மாவின் பங்களிப்பு. போன மாதம் அத்தை பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். என் கோணல் எழுத்து. என் தாளில் எட்டு முதல் பதினொன்று வரை, ஒவ்வொரு நாளும் இரண்டு பதிவு: வாழைப்பழம், கிச்சாப். வாழைப்பழம், கிச்சாப். அப்பாவின் தாளில் அதே நான்கு நாளும் வெறும் கட்டங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எந்த மாணவியும் அது யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவாள். அத்தைக்கு ஓர் இட்லி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணன் தன் உடம்புக்காக வாசற்படி தாண்டமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று கைலியை எடுத்தபோது பைக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் நீலப் பல்துலக்கி, அவருடைய அடையாள அட்டை, பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை. என்னுடையது ஒன்றுகூட இல்லை. பாவம் அத்தை, அவசரத்தில் ஆள் மாற்றி எடுத்து வைத்துவிட்டார் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் சொன்னால் சங்கடப்படுவாரே என்று, பெரிய மனது பண்ணி, பையை மெதுவாக மூடி வைத்தேன்.