கல்லறைக்குள் ஒரு முகில்

அன்டனுக்குக் கனவு காண நேரம் காலம் கிடையாது. மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் பகுதியில் அவனுக்கு வேலை. வெள்ளை மாத்திரைகள் வரிசை குலையாமல் வந்துகொண்டே இருக்கும். கண் அவற்றின்மேல் இருக்கும், மனம் எங்கேயோ போய்க் குந்தியிருக்கும். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் ஆள் திரும்புவான். நாற்பத்தாறு வயதில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறவனுக்குக் கனவும் இல்லாவிட்டால், மொன்றியல் பனிக்காலத்தை எதை வைத்துத்தான் கடத்துவது?

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து இளந்தாரியாக வந்தவன். தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தன்னை மறந்துபோனான் என்று கோவில் ஆட்கள் பரிதாபப்படுவார்கள். அது சுத்தப் பொய். அவன் ஒன்றையும் மறக்கவில்லை. மனதுக்குப் பிடித்த ஆள் அகப்படவில்லை, அவ்வளவுதான். அகப்பட்டபோது அவள் முதல் காரியமாக எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

நிரஞ்சனி மன்னாரைச் சேர்ந்தவள். கணவன் இறந்து பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. கார்ட்டியர்விலில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. தவக்காலம் வந்தால் கோவில் நாடகம் முழுக்க அவள் கையில்தான். ஒரு ஞாயிறு மாலை, தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கோவிலின் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்டன் தன் கோப்பையோடு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அவள் மூக்கைச் சுளித்தாள்.

“குறை நினைக்காதேங்கோ. சிகரெட் மணக்கிற ஆக்களோட ஒரு மேசையில இருக்க என்னால ஏலாது,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வேறு யாரும் என்றால் ரோசப்பட்டிருப்பான். அன்டன் அன்று பஸ்ஸில் வீடு போகும் வழியெல்லாம் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டு போனான். மறுநாளே சிகரெட்டை விட்டான். விட்டான் என்பது பாதி உண்மைதான். சிகரெட் இருந்த இடத்தில், திரவத்தை ஆவியாக்கி இழுக்கிற மின்சிகரெட், ஒரு வேப் வந்தது. கியூபெக்கில் இப்போது பழ வாசனை, புதினா வாசனை எதுவும் விற்கமுடியாது. புகையிலை ருசி அல்லது ஒரு ருசியும் இல்லாதது. அவன் ருசியே இல்லாததை எடுத்தான். உடுப்பில் ஒட்டாது, மூச்சில் மணக்காது. அடுத்த மாதம் மறுபடியும் அதே மேசையில் போய் உட்கார்ந்தான். அவள் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அந்த மேசை அவர்களுடையதுபோல் ஆகிவிட்டது. அவள் அவனுடைய பகிடிகளுக்குச் சிரிப்பாள், தன் றோல்ஸில் பாதியை உடைத்து அவன் தட்டில் வைப்பாள். அன்டனுக்கோ கோட்டுப் பையில் கிடந்த சாமான் நெருப்புத்துண்டாகச் சுட்டது. இதுவும் சிகரெட்டுக்குத் தம்பிதானே, தெரிந்தால் அவள் திரும்பவும் மேசை மாறுவாள் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். ஆகவே ஒரு திட்டம் போட்டான். நிக்கொட்டினைப் படிப்படியாகக் குறைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது, சாமானைத் தூக்கி எறிவது, சுத்தமான மனிதனாகப் போய் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்பது. இருபது மில்லிகிராமில் தொடங்கி மூன்றுக்கு வந்துவிட்டான். அந்த மூன்றுதான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பனிக்காலம் அவனுக்குக் கை கொடுத்தது. ஜனவரி காலையில் பஸ் தரிப்பில் நிற்கிற அத்தனை பேருடைய வாயிலிருந்தும் வெள்ளை முகில் வரும். அவர்களுக்குள் அன்டனும் ஒரு முகில். அந்த வெள்ளைக்குள் நின்றபடி அவன் ஒரு வீட்டையே கட்டி முடிப்பான். இரண்டு கோப்பை, ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் அவள். பஸ் வந்து கதவைத் திறந்ததும் வீடு கலைந்துபோகும். ஏறிக்கொண்டு மிச்சத்தை இருக்கையில் இருந்து கட்டுவான்.

இந்த வருடத் தவக்காலத்தில்தான் வில்லங்கம் வந்தது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய சனியன்று மாலை, திருவிழிப்புப் பூசைக்கு முன்னர், கோவிலுக்குப் பின்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தில் உயிர்ப்புக் காட்சி போடுவார்கள். போன வருடம் புகை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அது குளிரில் இறுகிப்போய், இயேசு உயிர்த்து நடந்து வந்து சனம் கைதட்டி முடித்த பிறகு ஒரு தும்மல் போட்டது. நிரஞ்சனிக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

“இந்த முறை கல்லு உருளேக்க கல்லறைக்குள்ள இருந்து முகில் வரவேணும்,” என்றாள் ஒத்திகையில். “இல்லாட்டி நான் நாடகத்தையே விட்டிடுவன். என்ன செய்யிறியளோ தெரியாது.”

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவள் முகம் வாடியதை அன்டனால் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“நான் பாத்துக்கொள்ளுறன்.”

“என்னண்டு?”

“என்னட்ட ஒரு சின்ன மெசின் இருக்கு. நான் கல்லறைக்குள்ள இருந்து செய்யிறன். ஒருத்தரும் உள்ளுக்க வரக்கூடாது.”

அவள் முகம் மலர்ந்தது.

அவனுடைய வேப்பில் வருவது ஒரு நூல் புகை. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான கொயில் சின்னது, மின்தடை கூடியது, பன்னிரண்டு வாட்ஸ். சிகரெட் இழுப்பதுபோல் மெல்ல இழுக்க அது போதும். கல்லறையை நிரப்ப அது காணாது. பெரிய சனிக்கு ஒரு வாரம் முந்தின சனிக்கிழமை வேலை முடிந்து, ஜன்னலெல்லாம் மூடி மறைத்திருக்கும் வேப் கடைக்குப் போனான். கடைப்பெண் பச்சைத் தலைமயிரோடு “போஞ்சூர்” என்றாள்.

“பெரிய முகில் வேணும். நிக்கொட்டின் வேண்டாம்,” என்றான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். “கோவிலுக்கு.”

அவள் சிரித்து ஓய்ந்த பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாள். மின்தடை குறைந்த கொயிலில் மின்சாரம் தாராளமாக ஓடும், சூடு கூடும், ஆவி கூடும். அதற்குப் பெரிய பற்றரியோடு பெரிய சாதனம் வேண்டும். திரவமும் தடிப்பாக இருக்க வேண்டும். எத்தனை வாட்ஸ் தாங்கும் என்று கொயிலிலேயே பொறித்திருக்கும், கீழிருந்து தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றிப் பார். வோல்ற்றேஜைத் தொடத் தேவையில்லை, வாட்ஸ் ஏற அதுவும் தானாக ஏறும். கொயிலுக்குள் இருக்கும் பஞ்சு எப்போதும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்தால் கருகும். அவன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டு, அவள் காட்டிய சாதனத்தையும் திரவத்தையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

வீட்டுக் குசினியில் பரிசோதனை நடந்தது. புதுக் கொயிலில் திரவம் ஊற வைத்துவிட்டு, நாற்பது வாட்ஸில் தொடங்கினான். நல்ல முகில். ஐம்பது. இன்னும் நல்ல முகில். அறுபதுக்கு வந்தபோது குளிர்சாதனப் பெட்டி மறைந்தது, அந்தோனியார் கலண்டர் மறைந்தது, கழுவாத பாத்திரங்கள் மறைந்தன. எங்கும் வெள்ளை. எதிர்க் கதிரை எங்கே என்று தெரியவில்லை, ஆனபடியால் அதில் அவள் இருப்பதாக நினைக்க ஒரு தடையும் இருக்கவில்லை. அவன் அந்த வெள்ளையைப் பார்த்து மெல்ல, “நிரஞ்சனி, நான் உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்,” என்றான். பதிலாகப் புகை மணி வீடே அதிரக் கத்தியது. குசினித் துவாய் ஒன்றால் விசிறி விசிறி அதை அடக்கினான். அறுபதுதான் சரி என்று முடிவாகியது.

பெரிய சனி மாலை பூச்சியத்தை ஒட்டிய குளிர். பலகையில் செய்து சாம்பல் நிறம் பூசிய கல்லறையைக் கோவில் கதவிலிருந்து ஒன்பது மீற்றருக்கு அப்பால்தான் வைக்க வேண்டும் என்று அன்டன் பிடிவாதம் பிடித்திருந்தான். கதவிலிருந்து ஒன்பது மீற்றருக்குள் புகைக்கவோ வேப் இழுக்கவோ கூடாதென்று சட்டம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, தூரத்தில் இருந்தால்தான் வடிவு என்று சொன்னான். வானம் ஊதா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாகச் சனம் கோட்டுக்களோடு வந்து நின்றது.

கல்லறைக்குள் இருவர். வெள்ளைத் துணி சுற்றிய டனிஸ்ரன், இந்த வருட இயேசு, பகலில் கார் திருத்துகிறவன். பக்கத்தில் முழங்காலில் அன்டன். வெளியே கோவில் வாசகர் சவிரிமுத்தர் ஒலிவாங்கியில் வேதாகமம் வாசிக்கத் தொடங்கினார். பூமி அதிரும் இடம் வந்தது. அன்டன் பொத்தானை அமத்தி, நெஞ்சு நிரம்ப இழுத்தான்.

தொண்டையில் நெருப்பு இறங்கியது. முகில் இல்லை. கருகின பஞ்சு நாற்றம் கல்லறையை நிறைத்தது. அவன் இருமினான். உயிர்ப்புக்கு முதலே கல்லறை இருமுவதைக் கேட்டு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அண்ணை, என்னை எரிக்கப்போறியளே?” என்றான் டனிஸ்ரன், துணிக்குள்ளிருந்து.

“பொறடா.” இன்னொரு இழுப்பு. இன்னும் மோசம். அன்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே கொயில், அதே அறுபது, குசினியில் தேவலோகம் காட்டியது. இப்போது நரகம். வெளியே சவிரிமுத்தர் பூமியை இரண்டாம் முறை அதிரவிட்டார். முகில் வராததைக் கண்டு மூன்றாம் முறையும் அதிரவிட்டார்.

பின்பக்கச் சீலை விலகியது. நிரஞ்சனி குனிந்து உள்ளே வந்தாள்.

அன்டன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், ஆனால் நாற்றத்தை எங்கே ஒளிப்பது? அவள் மூக்கு சுளித்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். அந்த மேசை, அந்தப் பாதி றோல்ஸ், பஸ் தரிப்பில் கட்டின வீடு, எல்லாம். வெட்கமும் துக்கமும் சேர்ந்து கண் கலங்கியது. இருமலால் கலங்கியது என்று அவள் நினைத்தால் போதும் என்று இருந்தது.

“காட்டுங்கோ,” என்று கையை நீட்டினாள்.

கொடுத்தான். அவள் திரையைப் பார்த்தாள்.

“அறுபதோ? உந்தக் குளிருக்கையோ? சீனிப் பாணிமாதிரித் தடிச்சுப் போயிருக்கும் உள்ளுக்க. பஞ்சுக்கு ஊறி வர நேரம் வேண்டாமே?”

சொல்லிக்கொண்டே திரவம் இருந்த கண்ணாடிப் பகுதியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, வாயால் ஊதிச் சூடேற்றினாள். பிறகு பெருவிரலால் டக் டக்கென்று பொத்தானைத் தட்டி நாற்பதுக்கு இறக்கினாள். அன்டன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். திரையைப் பார்க்காமலே வாட்ஸ் இறக்குகிற விரல் ஒரு நாளில் பழகிய விரல் அல்ல.

“நாசமாப்போன கருகல் ருசி,” என்றாள் முதல் இழுப்புக்கு. “பரவாயில்லை. டனிஸ்ரன், கல்லை உருட்டு!”

அவள் இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள். முகில் வந்தது. கல்லறைத் தரையில் தவழ்ந்து, டனிஸ்ரனின் காலைச் சுற்றி, வாசலால் ஊதா வெளிச்சத்துக்குள் வழிந்தது. அவன் எழுந்து அதற்குள்ளால் நடந்து போனான். வெளியே சவிரிமுத்தர் தன்னை மறந்து ஒலிவாங்கியில் “அடி சக்கை!” என்றார். சனம் அல்லேலூயா பாடத் தொடங்கியது.

உள்ளே முகிலுக்குள் இருவர் மட்டும் இருந்தார்கள். அவள் சாதனத்தை அவன் கையில் திருப்பி வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவரின் தண்ணீர்ப் போத்தலை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊர் அவளுடையதும், அவனுடையதும். அவன் இருமி இருமி எச்சிலாக்கிய வாய்முனையை அவள் துடைக்காமலே வாயில் வைத்திருந்தாள். கையில் லேஞ்சி இருந்தும் துடைக்கவில்லை. தெரியாமல் செய்தாளா என்று அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். தெரிந்துதான் செய்திருக்கிறாள்.

“எப்ப தொடக்கம்?” என்று கேட்டான்.

“என்ர மனுசன் போன பிறகு சிகரெட் பழகிப்போட்டன். காப்பகத்தில குழந்தையளுக்கு மணக்குமெண்டு அதை விட்டிட்டு இதுக்கு வந்தனான். விட்ட ஆளுக்குத்தான் அந்த மணம் உயிரைக் கொல்லும். அண்டைக்கு உங்களிட்ட இருந்து ஓடினது அதாலதான். இன்னும் அஞ்சு நிமிசம் இருந்திருந்தா உங்களிட்டயே ஒண்டு கேட்டிருப்பன்.”

“நான் இதை முழுசா விட்டிட்டு வந்து ஒண்டு கேக்கவேணுமெண்டு இருந்தனான்.”

“எவ்வளவு மிச்சம்?”

“மூண்டு.”

“எனக்கு ஆறு,” என்றாள். “ரெண்டு பேரும் முடிச்சிட்டுத்தான் எண்டா கிழடாகிப்போவம். இப்பவே கேளுங்கோ.”

குசினியில் பாடமாக்கிய வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. முழங்காலில் இருந்தபடியே, கருகின தொண்டையால், என்னைக் கட்டுவியளோ என்று மட்டும் கேட்டான்.

“ஓம்,” என்றாள் நிரஞ்சனி. அவன் அழத் தொடங்குவதைக் கண்டு லேஞ்சியை அவன் கையில் திணித்தாள். “முதல் அந்தக் கொயிலைக் கழட்டி எறியுங்கோ, அன்டன். அது சரிவராது. பூசைக்கு மணி அடிக்கப்போறாங்கள், வாங்கோ.”