முழு டாங்க்கும் ஒரு குலுக்கலும்

அவருடைய பணிப்பதிவேட்டில் மேலதிகாரி எழுதியிருப்பது: "ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அதிவேகத்தில் தேர்ந்தவர். ஒரு நொடியையும் வீணாக்காதவர்." பாவம், மேலதிகாரி அவருடைய சொந்தக் காரில் ஏறியதில்லை.

சொந்தக் காரில் போகும்போது அவரைச் சைக்கிள்காரர்கள் முந்துவார்கள். முந்திவிட்டு, வண்டிக்கு என்ன கோளாறோ என்று திரும்பியும் பார்ப்பார்கள். ஆக்சிலேட்டரை அவர் மிதிப்பதில்லை, தடவிக்கொடுப்பார். ஆம்புலன்ஸ் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டு வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்பதோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை வரும்.

பெட்ரோல் பங்கில் அவருக்குப் பெயர் 'குலுக்கல்'. குழாய் தானாக நின்றதும் எல்லோரும் மூடியைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இவர் இறங்கி, காரின் பின்புறத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார். உள்ளே தங்கிய காற்று வெளியேறி, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் விளிம்புவரை நிரம்பினால்தான் கணக்கு கணக்காக இருக்கும் என்பது அவர் கட்சி. மனைவி உள்ளே உட்கார்ந்தபடியே ஆடிக்கொண்டிருப்பார்.

அந்த அம்மாளின் குறை அதுவல்ல, ஏசி. அது மைலேஜைத் தின்கிறது என்று, வண்டி வாங்கிய நாள்முதல் கணவர் அந்தப் பொத்தானைத் தொடவிட்டதில்லை. கடைசியில் அக்காவுக்காகத் தம்பி களத்தில் இறங்கினான்.

"அத்தான், ஒரே ஒரு டாங்க். பதினெட்டுக்கு மேல வந்தா இந்த வீட்ல ஏசின்னு யாரும் வாயத் திறக்க மாட்டோம். கொறஞ்சா, இனிமே எப்பவும் ஏசி. சரியா?"

"எழுதி வச்சுக்கோ மாப்ளே, பத்தொம்பது."

டாங்க் முடியப்போகும் சமயத்தில் மச்சானுக்கு வெளியூரில் வேலைக்கான நேர்காணல் வந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டிய காலையில், அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. மூவரும் காரில் ஏறினார்கள். வண்டி வழக்கம்போல உருண்டது.

"அத்தான், பக்கத்துல ஒருத்தர் நடந்து போறாரு. அவர்கூட எறங்கிப் போயிடட்டுமா?"

"அவசரப்பட்டா மைலேஜ் போயிடும் மாப்ளே."

"ரயிலே போயிடும்! பந்தயமாவது மண்ணாவது, மிதிங்க அத்தான்!"

மனைவி பின்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, அவன ஒரு நோயாளின்னு நெனச்சுக்கோங்க."

அவ்வளவுதான். பணிப்பதிவேட்டில் இருந்த மனிதர் காருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். மனைவி இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். மச்சான் ரயிலேறி, பெட்டியின் வாசலில் நின்று பெரிய கும்பிடாகப் போட்டான்.

திரும்பும் வழியில் பங்க். டாங்க்கில் ஓடியது அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். முப்பத்தைந்து லிட்டர் நானூறு மில்லியில் குழாய் தானாக நின்றது. அவர் உதடுகள் அசைந்தன: பதினெட்டு புள்ளி பூஜ்யம் எட்டு. ஜெயித்துவிட்டார். மயிரிழைதான், ஆனாலும் ஜெயம்.

குழாயைப் பிடித்திருந்தவர் கேட்டார்: "என்ன சார், இன்னிக்கு எறங்கலயா? குலுக்க வேணாமா?"

அவர் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார். குலுக்கினால் எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"விடுங்க, எறங்கி வேற போயி குலுக்கிக்கிட்டு..." என்றார் மனைவியே. "பாவம், தம்பிக்காகத்தான வேகமா ஓட்டுனீங்க."

"எப்பவும் குலுக்குறதுதான?" என்று கதவைத் திறந்தார்.

இறங்கி, வண்டியைக் குலுக்கினார். இன்னும் ஒரு லிட்டர் பிடித்தது. உதடுகள் மறுபடி அசைந்தன: பதினேழு புள்ளி ஐந்து எட்டு. பணம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஏசியைப் போட்டார்.